நகர் சாலையின் இரு முனைகள்: பெருந்தொற்றுக் காலங்களில் மனநலச் சேவை பெறுவோர் (1897–2021)

புணேயிலிருந்து வடகிழக்கே அகமதுநகருக்குச் (2024 முதல் அகில்யாநகர்) செல்லும் நெடுஞ்சாலை அவ்வட்டார மக்களின் பேச்சில் ‘நகர் சாலை’ என வழங்கும். இதிலுள்ள ‘நகர்’ பொதுப்பெயர் அன்று. அகமதுநகரின் குறுக்கமே அது. ஆற்றைக் கடந்து இச்சாலை தொடங்கும் பகுதியில் எரவாடா அமைந்துள்ளது. அங்கிருந்து வாகோலி, கோரேகாவ் பீமா, சிக்ராபூர் ஆகிய ஊர்களைக் கடந்தால் சிரூர் வட்டத்து ரஞ்சன்காவ் வரும். புணேயிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவு. மகாராட்டிரத்தின் எட்டு விநாயகர் தலங்களுள் ஒன்றான மகாகணபதி கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர், இன்று பெருந்தொழிற்சாலைகள் நிறைந்த தொழிற்பேட்டையாலும் அறியப்படுகிறது. வடமாநிலங்களிலிருந்தும் மராத்வாடா, விதர்ப்பப் பகுதிகளிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களில் வாடகை அறைகளில் வாழ்கின்றனர்.

இச்சாலையின் ஒரு முனையில் பெரிய மனநோய் மருத்துவமனை இருக்கிறது. மறுமுனையில் அம்மருத்துவமனையை நாடவேண்டிய மக்கள் இருக்கின்றனர். இயல்பான நாளில் இவ்விரு முனைகளுக்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு பேருந்துப் பயணம். பெருந்தொற்று நாளில் அதுவே கடக்கவியலாத வெளி. கொள்ளைநோய்க் காலங்களில் மனநலச் சேவை பெறுவோர்க்கு நேர்ந்த இன்னல்களின் பெரும்பகுதி நோய்க்கிருமியால் விளைந்ததன்று. சேவை ஓரிடத்தில் குவிந்தும் அதனை நாடுவோர் பலவிடங்களில் பரந்தும் கிடந்த அமைப்பினால் விளைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து. அவ்வமைப்பு 2020இல் தோன்றியதன்று. அதன் வேர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளன.

‘மனநலச் சேவை பெறுவோர்’ என்னும் தொடரைக் குறித்து ஒரு சொல். பித்தர், பைத்தியக்காரர், மனநோயாளி, மனநலம் பாதிக்கப்பட்டவர் எனத் தமிழில் வழங்கிய பெயர்கள் யாவும் ஒருவரது நிலையைக் கொண்டு அவரைச் சுட்டுவன. இறைவனையே பித்தன் என அழைத்துப் பாடிய மரபு நமக்கு உண்டு. எனினும் தெருவில் அச்சொல் ஏச்சாகவே நின்றது. சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயரும் அவ்வாறே ஏச்சாயிற்று. ‘சேவை பெறுவோர்’ என்பது சற்றே அலுவலக வாடை வீசும் தொடர்தான். ஆயினும் ஒருவர் எதனைப் பெறுகிறார், எங்கிருந்து பெறுகிறார், பெற இயலாதபோது என்ன நேர்கிறது என்னும் வினாக்களை அது எழுப்புகிறது. நம் ஆய்வுக்கு வேண்டுவன அவ்வினாக்களே.

இரு சட்டங்கள்

1896 செப்டம்பரில் பம்பாயில் கண்டறியப்பட்ட பிளேக் அவ்வாண்டின் இறுதிக்குள் புணேயை எட்டியது. 1897 பிப்ரவரி 4ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. நான்கே பிரிவுகளைக் கொண்ட மிகச் சிறிய சட்டம் அது. ஆனால் அரசுக்கு அது தந்த அதிகாரம் மிகப் பெரிது. மார்ச்சு மாதத்தில் புணேயில் படைவீரர்கள் வீடுவீடாகப் புகுந்து சோதனையிட்டனர். நோயுற்றோர் பிளேக் மருத்துவமனைக்கும் அவர்தம் வீட்டார் தனிமை முகாம்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். பிளேக் நடவடிக்கைகளுக்குத் தலைமையேற்ற ராண்ட் 1897 சூன் 22ஆம் நாள் சாபேகர் உடன்பிறப்புகளால் சுடப்பட்டமை அனைவரும் அறிந்த செய்தி. அதைவிட ஆழமாக நோக்கத்தக்கது வீட்டாரின் எதிர்வினை. நோயுற்றவர் பறித்துச் செல்லப்படுவார் என்னும் அச்சத்தால் மக்கள் அவரை மறைத்தனர்; ஊரைவிட்டு அகன்றனர். இதே புணேயில் நோயுற்றோரை மறைக்காமல், அவர்களைத் தேடிச் சென்று மருத்துவத்துக்குக் கொண்டுவந்த ஒருவரும் இருந்தார். நோயாளர்க்குப் பணிபுரிகையில் தாமும் பிளேக் கண்டு 1897 மார்ச்சு 10ஆம் நாள் மறைந்த சாவித்திரிபாய் புலே அவர். அவருடைய வளர்ப்பு மகனான மருத்துவர் யசுவந்த் நகர்ப்புறத்தே நடத்திய மருத்துவமனைக்கே அந்நோயாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர்.

வீட்டிலுள்ள நோயாளரை அரசு கொண்டுபோய் அடைத்துவிடும் என்னும் அச்சம் பிளேக்கோடு பிறந்ததன்று. 1858ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் விடுதிச் சட்டம், அலைந்து திரிவோரையும் ஊறு விளைவிக்கக்கூடியவர் எனக் கருதப்படுவோரையும் காவலர் பிடித்து நீதிபதிமுன் நிறுத்த வழிசெய்தது. அதன் வழிவந்த 1912ஆம் ஆண்டின் சட்டமும் அவ்வகைச் செயல்முறையைத் தொடர்ந்தது. 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும்வரை ஆட்சியில் இருந்தது அந்த 1912ஆம் ஆண்டின் சட்டமே. கொள்ளைநோய்ச் சட்டத்தையும் பித்தர் சட்டத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு அவற்றின் உறவு விளங்கும். இரண்டிலும் அரசு தேடுகிறது, பிரிக்கிறது, அடைக்கிறது. இரண்டிலும் பிரிக்கப்படுபவரின் சொல் கேட்கப்படுவதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பிளேக் முகாம் சில வாரங்களில் கலைந்துவிடும். பித்தர் விடுதி கலைவதில்லை. இவ்விரு சட்டங்களும் ஒருவர்மீதே ஒரே காலத்தில் பாயும்போது அவர் நிலை யாதாகும் என்பதை எண்ணிப் பார்த்தார் எவரும் அக்காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

அட்டவணைக்குள் மனிதர்

இன்றைய மகாராட்டிரத்தில் நாக்பூர், இரத்தினகிரி, தாணே, எரவாடா ஆகிய நான்கு ஊர்களில் அரசின் வட்டார மனநோய் மருத்துவமனைகள் உள்ளன. நான்கும் ஆங்கிலேயர் காலத்து அடித்தளத்தின்மீது நிற்பவை. இவற்றுள் எரவாடா மருத்துவமனை 2540 படுக்கைகளுக்கு ஒப்பளிக்கப்பட்ட மிகப் பெரிய நிறுவனம். அதன் அண்டையிலேயே 1871இல் அமைந்த எரவாடா நடுவண் சிறை. காந்தியடிகளின் சிறைவாசத்தாலும் 1932ஆம் ஆண்டின் புணே உடன்படிக்கையாலும் சிறை வரலாற்றில் இடம்பெற்றது. மருத்துவமனை அவ்வாறு இடம்பெறவில்லை. சென்னையில் 1794இல் தொடங்கிய பித்தர் இல்லத்தின் மரபு கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்துக்கு வந்ததும் அதே 1871இல்தான். சிறையும் விடுதியும் ஒரே ஆண்டில் எழுந்தமை தற்செயலே. ஆயினும் ஊருக்குப் புறத்தே உயர்ந்த மதிலுக்குள் பெருங்கூட்டத்தை வைத்துக் காத்தல் என்னும் எண்ணம் அவ்விரண்டுக்கும் பொதுவானது.

இவ்விடுதிகளின் ஆண்டறிக்கைகளே அக்காலத்தை அறிய நமக்குள்ள முதன்மைச் சான்றுகள். சேர்க்கப்பட்டோர், நலமுற்று வெளியேறியோர், உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டோர், தப்பியோர், இறந்தோர் என அட்டவணைகள் ஒழுங்காக அமைந்திருக்கும். நோய்க்குக் காரணம் என்னும் பத்தியும் உண்டு. அதில் ‘கஞ்சா’ என்னும் சொல் சலிப்பூட்டுமளவுக்கு மீண்டும் மீண்டும் வரும். 1893–94இல் அமைந்த கஞ்சா ஆணையம் அப்பதிவுகளை ஆராய்ந்தபோது, அக்காரணம் பெரும்பாலும் ஆராயாமல் எழுதப்பட்டது எனக் கண்டது. நோயாளரைப் பிடித்து வந்த காவலர் கூறியதே ஏட்டில் ஏறியிருந்தது. ஆவணங்களை நம்பி வரலாறு எழுதுவோர் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி இது. ஏட்டில் காரணம் இருக்கிறது. நோயாளரின் சொல் இல்லை.

1918ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலை ஆராய்வோர்க்கு இக்குறை இன்னும் தெளிவாகப் புலப்படும். அவ்வாண்டு சூன் மாதத்தில் பம்பாயில் தலைகாட்டிய அக்காய்ச்சல் புகைவண்டித் தடங்களின் வழியே நாடெங்கும் பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றது என மதிப்பிடப்பட்டுள்ளது. நெருக்கமான கூடங்களில் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே உறங்கும் விடுதிகளுக்குள் அது நுழைந்தால் என்னாகும் என்பதை ஊகித்தல் அரிதன்று. ஆனால் அந்நாட்களில் மதிலுக்குள் இருந்தவர் யாது கண்டார், யாருடைய சாவை அருகிருந்து பார்த்தார், தம் வீட்டார் உயிரோடுள்ளனரா என்பதை எவரிடம் வினவினார் என்பனவற்றுக்கு அட்டவணையில் பத்தி இல்லை. அமெரிக்க மருத்துவர் கார்ல் மெனிங்கர் 1919இல் பாசுடன் நகர மருத்துவமனை ஒன்றில் காய்ச்சலோடு தொடர்புற்று மனநிலை திரிந்த 100 பேரை ஆராய்ந்து எழுதினார். கொள்ளைநோய்க்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த முன்னோடிக் கட்டுரைகளுள் ஒன்று அது. அங்கும் நோயாளர் எண்களாகவே வருகின்றனர்.

தமிழில் இவ்விடைவெளியை நிரப்ப முயன்றவர் என ஒருவரைச் சுட்டவேண்டுமாயின் 2003இல் மறைந்த எழுத்தாளர் கோபிகிருஷ்ணனையே சுட்டவேண்டும். மனநலத் துறையில் பணியாற்றிய அவர் எழுதிய ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ என்னும் நூலின் தலைப்பே ஆவணக் காப்பகத்தின் குறையைச் சொல்லிவிடுகிறது. கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதுவோர் இந்நூலை மனநல இலக்கியம் என ஒதுக்கிவிடாமல் ஆய்வுமுறைக்கு ஒரு வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சாலையைக் குறுக்கும் முயற்சி

விடுதலைக்குப் பின்னரும் சேவை மதிலுக்குள்ளேயே நின்றது. அதனை மக்களிடம் கொண்டுசெல்லும் நோக்கில் 1982இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. கருநாடகத்துப் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூர் மனநல நிறுவனம் நடத்திய முன்னோட்டத்தைப் பின்பற்றி 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் செயற்படலாயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து கிடைக்கவேண்டும் என்பது அதன் உயிர்க்கருத்து. ரஞ்சன்காவில் வாழ்பவர் எரவாடாவுக்குச் செல்லவேண்டியிராத நிலையே அதன் இலக்கு எனலாம். 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு (மகாராட்டிரம் அவற்றுள் இல்லை) அவ்விலக்கு எட்டப்படாமையை உறுதிசெய்தது. மனநலச் சிக்கல் உடையோருள் சிகிச்சை பெறாதவர் விழுக்காடு பெரும்பாலான நோய்வகைகளில் 70க்கும் மேல் இருந்தது.

சட்டம் திருந்துவதற்கு ஒரு பேரழிவு தேவைப்பட்டது என்பது வருத்தத்திற்குரியது. 2001 ஆகத்து 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் உட்பட 28 பேர் மாண்டனர். எரவாடா, ஏர்வாடி என ஒலியில் நெருங்கிய இவ்விரு பெயர்களும் இந்திய மனநல வரலாற்றின் இரு வேறு முகங்கள். ஒன்று அரசின் மதில். மற்றொன்று அரசு எட்டிப்பாராத கூரை. ஏர்வாடிக்குப் பின் உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சேவையை அணுகுதலை உரிமையாக்கியது (பிரிவு 18). வீட்டார் ஏற்கவில்லை, வீடில்லை என்னும் காரணங்களால் மட்டும் எவரும் மருத்துவமனையில் தங்கவைக்கப்படலாகாது என்றது (பிரிவு 19). பார்வையாளரைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் உரிமை தந்தது (பிரிவு 26). இச்சட்டத்தின் உருவாக்கத்தில் புணேயின் இந்தியச் சட்டக் கழகத்து மனநலச் சட்ட மையத்தினருக்குப் பங்குண்டு. அவ்வகையில் புணே இதன் பிறப்பிடங்களுள் ஒன்று. நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத நிலையில் இச்சட்டம் பெருந்தொற்றை எதிர்கொண்டது.

2020: சாலை அடைபடுதல்

மகாராட்டிரத்தில் முதல் கொரோனா நோயாளர்கள் 2020 மார்ச்சு 9ஆம் நாள் புணேயில்தான் கண்டறியப்பட்டனர். மார்ச்சு 13ஆம் நாள் மாநில அரசு 1897ஆம் ஆண்டின் அதே கொள்ளைநோய்ச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. 25ஆம் நாள் முதல் நாடு தழுவிய ஊரடங்கு. பேருந்துகள் நின்றன, மாநிலத்திற்குள் மாவட்டங்களுக்கிடையிலான அரசுப் பேருந்துகள் மீண்டும் ஓடியது ஆகத்து 20ஆம் நாள்தான். தொழிற்பேட்டைகளின் வாயில்கள் மூடின. வெளிமாநிலத் தொழிலாளர் ஊர்திரும்பச் சிறப்புப் புகைவண்டிகள் மே முதல் நாளன்றே புறப்படலாயின. அதற்குள் நடந்தே சென்றவர் பலர்.

இக்காட்சிகள் யாவரும் அறிந்தவை. இவற்றுள் மருந்துச் சீட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தவரைத் தேடவேண்டும். மனச்சிதைவு நோய்க்கு வழங்கப்படும் குளோசபின் என்னும் மருந்தை உண்பவர் குறித்த இடைவெளியில் குருதியில் வெள்ளணுக்களை எண்ணிப் பார்த்தாகவேண்டும். தொடக்கத்தில் இது வாரந்தோறும் வேண்டும். எண்ணிக்கை வீழ்ந்தால் உயிருக்கே ஊறு. தொற்றுக்காய்ச்சல் கண்டால் அம்மருந்தின் அளவு குருதியில் தானே உயரும் என்பதும் மருத்துவர் அறிந்ததே. இருமுனையப் பிறழ்வுக்கு லித்தியம் உண்பவர்க்கும் குருதிச் சோதனை இன்றியமையாதது. ஆய்வகத்துக்குச் செல்லும் சாலை அடைபட்டபோது இவர்கள்முன் இரு வழிகளே இருந்தன. சோதனையின்றி மருந்தைத் தொடரலாம். அல்லது மருந்தை நிறுத்தலாம். இரண்டும் இடர்தான். பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று குளோசபின் சோதனையின் இடைவெளியை மூன்று திங்கள்வரை நீட்டிக்கலாம் என 2020இல் பரிந்துரைத்தது. ஏட்டில் எழுதப்பட்ட அத்தளர்வு நகர் சாலையின் மறுமுனையிலிருந்தவரை எப்போது எட்டியது என்பது வேறு வினா.

ஊரடங்கின்போது பெங்களூர் மனநல நிறுவனத்தினர் கடும் மனநோய் உடையோரிடம் தொலைபேசி வழியே நடத்திய ஆய்வின் முடிவுகள் ஈண்டு நோக்கத்தக்கன. அவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கொரோனா தொற்றிவிடுமோ என அஞ்சவில்லை. ஆனால் ஐந்தில் ஒரு பங்கினர்க்கு மேல் தம் மனநோய்க்கான மருந்தை நிறுத்திவிட்டிருந்தனர்; மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கு நோய் திரும்பும் அறிகுறிகள் தென்பட்டன. அச்சமின்மையை அறியாமை என எளிதில் கூறிவிடலாம். நோய்பற்றிய தெளிவு அவர்களுட் பலர்க்கு இல்லை என்பதையும் அவ்வாய்வு காட்டுகிறது. எனினும் மருந்து தீர்ந்துபோகும் நாளை எண்ணியிருப்பவர்க்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமி இரண்டாவது கவலைதானே?

அவர்கள் அஞ்சியிருக்கவேண்டியவர்கள் என்பதற்கும் சான்றுகள் உண்டு. நியூயார்க்கில் 7348 நோயாளரை ஆராய்ந்து 2021 சனவரியில் வெளியிடப்பட்ட ஆய்வு, முதுமைக்கு அடுத்தபடியாகக் கொரோனா இறப்போடு வலுவாகத் தொடர்புற்ற கூறு மனச்சிதைவு நோயே என்றது. தென்கொரியாவின் செங்டோ ஊர் மருத்துவமனையில் 2020 பிப்ரவரியில் மனநலப் பிரிவிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஓரிருவர் தவிர அனைவர்க்கும் தொற்று கண்டது. அந்நாட்டின் முதல் கொரோனா இறப்பும் அப்பிரிவில் நெடுங்காலம் தங்கியிருந்த ஒருவருடையதே. மூடிய சாளரம், பொதுக்கூடம், ஆண்டுக்கணக்கான தங்கல் ஆகிய விடுதி முறையின் பழைய இயல்புகள் கிருமிக்கு வாய்ப்பாயின.

மதுவை விடமுயல்வோர் நிலையும் சேவை பெறுவோர் வரலாற்றின் ஒரு பகுதியே. மார்ச்சு இறுதியில் மூடிய மதுக்கடைகள் மே 4 முதல் படிப்படியாகத் திறந்தன. திடீரென மது கிடைக்காமையால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் கண்டவர்க்குத் தேவைப்பட்டது மருத்துவம். கேரள அரசு மருத்துவர் சீட்டின்பேரில் மது வழங்க ஆணையிட்டதும் அதனை உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்ததும் 2020இன் விந்தைகளுள் சில. அனில் அவசட், அனிதா அவசட் ஆகியோர் 1986இல் தொடங்கிய முக்தாங்கண் மீட்பு மையம் எரவாடா மனநோய் மருத்துவமனை வளாகத்திலேயே பிறந்தது. குடிநோய்க்கான சேவையும் அச்சாலையின் அதே முனையில்தான் தோன்றியது என்பதற்காகவே இதனை இங்குக் குறிக்கிறோம்.

கணக்கில் வாராத சேவை

இதுவரை கூறியவை மருத்துவமனையைப் பற்றியன. மனநலச் சேவை என்னும் சொல்லை மருத்துவமனையோடு நிறுத்திவிட்டால் இந்நாட்டு மக்களின் அனுபவத்தில் பாதி விடுபட்டுப்போகும். திருச்சிராப்பள்ளியை அடுத்த குணசீலத்தில் மனநலங்குன்றியோர் 48 நாள் தங்கி வழிபடும் வழக்கம் நெடிது. ஏர்வாடி தர்காவுக்கு மதவேறுபாடின்றி மக்கள் வருகின்றனர். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து, சில வாரத் தங்கலில் அவர்தம் அறிகுறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்தமையை இரகுராம் குழுவினர் 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். மருந்தோ தனிச் சடங்கோ இன்றி, அச்சுறுத்தாத இடமும் அன்றாட ஒழுங்கும் உடன் தங்கும் உறவினருமே அதற்குக் காரணம் என அவர்கள் கருதினர்.

புணே வட்டாரத்து விநாயகர் தலங்களுக்கும் பிணிக்கும் உள்ள உறவு பழமையானது. முதலாம் மாதவராவ் பேசுவா எலும்புருக்கி நோயுற்று 1772இல் உயிர்நீத்த இடம் தேவூர்க் கோயில். மனக்கவலை தீர்ப்பவர் என வழிபடப்படும் அத்தலத்து விநாயகரின் பெயர் சிந்தாமணி. அம்மாதவராவே ரஞ்சன்காவ்க் கோயிலிலும் திருப்பணி செய்தவர். எட்டுத் தலங்களையும் ஒருசேரக் கண்டுவரும் பயணம் மராட்டியக் குடும்பங்களுக்கு இன்றும் கவலை இறக்கிவைக்கும் வழி. 2020 மார்ச்சில் மூடிய கோயில்களை மகாராட்டிர அரசு நவம்பர் 16ஆம் நாள் திறந்துவிட்டது. இரண்டாம் அலையில் மீண்டும் மூடி 2021 அக்டோபர் 7ஆம் நாள் திறந்தது. கோயில் திறப்பு அரசியல் பூசலாகவும் சமயச் சிக்கலாகவும் பேசப்பட்டது. தொற்றைக் கருதி மூடியது தவறென்று கூறுவதற்கில்லை. ஆனால் அதனால் ஒரு மனநலச் சேவையும் மூடப்பட்டது என்னும் நோக்கில் அக்காலத்து விவாதங்கள் செல்லவில்லை. அதற்கு ஈடாக வேறொன்றைத் தரவேண்டும் என்னும் எண்ணமும் எழவில்லை.

தொலைபேசியும் தாய்மொழியும்

ஊரடங்கு தொடங்கிய மார்ச்சு 25ஆம் நாளே நடுவண் அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. சாலை அடைபட்டபோது கம்பியில்லா வழி திறந்தது எனலாம். போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளைத் தொலைபேசி வழியே எழுதித்தர அந்நெறிமுறைகள் இடந்தரவில்லை. உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் வழங்கும் மருந்துகளுட் பல அவ்வகையின. தொலைபேசியில் இன்னொரு தடையும் உண்டு. பதின்மர் அடி அறையில் நால்வர் வாழும் தொழிற்பேட்டைக் குடியிருப்பில் ஒருவர் தம் மருத்துவரிடம் மனந்திறந்து பேசவியலாது. மாமியாரும் கணவரும் அருகிருக்க ஒரு பெண் பேசுவது அதனினும் அரிது. மருத்துவமனையின் நெடிய வரிசை தந்துவந்த தனிமையைத் தொலைபேசி தரவில்லை என்பது முரண்போலத் தோன்றினும் மெய்யே.

தமிழாய்வாளர் கருதவேண்டியது மொழியைப் பற்றியது. உடல்நோயைச் சைகையாலும் சுட்டலாம். மனநோய்க்குச் சொல்லே அறிகுறி, சொல்லே மருந்தின் ஒரு பகுதி. ‘மனசு சரியில்லை’, ‘நெஞ்சு பாரமா இருக்கு’, ‘ஒண்ணும் ஓடலை’ என்பனவற்றை மராத்தியிலோ இந்தியிலோ பெயர்த்துக் கூறும் தமிழர், தம் நோயின் பாதியை வழியிலேயே இழந்துவிடுகிறார். புணேயின் கட்கி, தேகுரோடு முதலான பகுதிகளில் தமிழர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். 2020 செப்டம்பரில் தொடங்கிய ‘கிரண்’ உதவித் தொலைபேசி தமிழும் மராத்தியும் உள்ளிட்ட 13 மொழிகளிலும், 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய ‘டெலிமானசு’ (14416) 20 மொழிகளிலும் சேவை தர முற்பட்டன. வேற்றுமாநிலத்தில் இருந்துகொண்டு தாய்மொழியில் மனநல உதவியைத் தேடலாம் என்பது பெருந்தொற்று தந்த நன்மைகளுள் ஒன்று. அதனை மறுப்பது நேர்மையாகாது.

புணேயில் வாழ்ந்து, மனச்சிதைவோடு கூடிய தம் வாழ்வை 2015இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதிய ரேசுமா வள்ளியப்பன் போன்றோர், சேவை பெறுவோரே சேவையைப் பற்றிப் பேசும் மரபைத் தொடங்கியுள்ளனர். தமிழ்ப்பெயர் தாங்கிய ஒருவரின் இத்தன்வரலாறு தமிழியல் ஆய்வில் இதுவரை உரிய கவனம் பெற்றதாகத் தோன்றவில்லை. 1918இல் இல்லாத சான்றுவகை இது. பெருந்தொற்றின் வரலாற்றை எழுதப்போகும் அடுத்த தலைமுறை, மருத்துவ இதழ்களின் விழுக்காடுகளோடு இத்தகைய எழுத்துகளையும் இணைத்தே படிக்கவேண்டும்.

தடுப்பூசியும் அடையாள அட்டையும்

2017ஆம் ஆண்டின் சட்டம் பெருந்தொற்றில் எவ்வாறு தேய்ந்தது என்பதற்கு மகாராட்டிரமே சான்று. நலமுற்றோரை மருத்துவமனையில் வைத்திருக்கலாகாது என்பதால், அவர்களை இரவலர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மாற்றும் நடைமுறை அங்கே தோன்றியது. 2021 சூலை 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனை உடனே நிறுத்துமாறு பணித்தது. ஏட்டின்படி அவர்கள் ‘வெளியேறியோர்’. மெய்யாக ஒரு மதிலிலிருந்து மற்றொரு மதிலுக்கு மாறியோர். பழைய ஆண்டறிக்கைகளின் பத்திகளை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

அவ்வழக்கிலேயே 2021 செப்டம்பர் முதல் நாளன்று, மனநல நிறுவனங்களில் உள்ளோர் அனைவர்க்கும் கொரோனா சோதனை செய்து தடுப்பூசி இடுவதற்குக் காலவரையறை வகுக்குமாறு நடுவண் அரசுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. நாட்டில் தடுப்பூசிப் பணி தொடங்கி அப்போது ஏழு திங்களுக்கு மேல் ஆகியிருந்தது. தடையாக நின்றவற்றுள் ஒன்று அடையாள அட்டை. தெருவிலிருந்து காவலரால் கொண்டுவரப்பட்டவர்க்கும் வீட்டாரால் கைவிடப்பட்டவர்க்கும் அட்டை ஏது? இதனைக் கருதியே அட்டை இல்லாதோர்க்கெனத் தனி நடைமுறை ஒன்று அவ்வாண்டு ஏப்ரலில் வகுக்கப்பட்டிருந்தது. துறவியர், சிறைவாசிகள், இரவலர், முதியோர் இல்லத்தார் ஆகியோரோடு மனநல நிறுவனங்களில் உள்ளோரும் அதில் ஒரே வரிசையில் வைக்கப்பட்டனர். அத்தகைய ஒவ்வொரு குழுவுக்கும் அட்டையும் கைப்பேசியும் உடைய ஒருவர் பொறுப்பாளராக அமர்த்தப்படவேண்டும். குழுவினர் அவர்வழியே பதிவுபெறுவர். மதிலுக்குள் இருந்தவரின் பெயர் நாட்டின் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏறியது அவ்வாறே. பெயர் அவருடையது, அதனருகே இருந்த கைப்பேசி எண் வேறொருவருடையது.